வேல்விழியின் கண் அழுத்தமும் நலவாழ்வு மாதமும்

வேல்விழி என்று பெயர் வைத்துக்கொண்டு கண் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பது அவளுக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. சீட்டு எழுதிய பெண் பெயரை இரண்டாம் முறை கேட்டுவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

வேல்விழி பிள்ளைப்பாக்கத்துக்காரி. வயது நாற்பத்தைந்து. ஒரகடத்தில் நவதாரகை சீட்டிங் சிஸ்டம்ஸ் என்ற கம்பெனியில் கார் சீட்டுக்கு உறை தைக்கிறாள். சில மாதங்களாக அவளுடைய இடது முழங்கை எதிலாவது இடித்துக்கொண்டே இருந்தது. கதவு நிலை, மாவு மில்லின் தராசு, கம்பெனியின் தள்ளுவண்டி என்று எதுவும் பாக்கியில்லை. ஒருநாள் வீட்டிலேயே கணவன் கோதண்டத்தின் மேல் இடித்து, அவன் கையிலிருந்த டீ முழுவதும் அவன் லுங்கியில் கொட்டியது.

"நான் ஒருத்தன் நிக்கறது கூட உன் கண்ணுக்குத் தெரியலியா?" என்றான் கோதண்டம்.

"தெரியலியே" என்றாள் வேல்விழி, உள்ளதைச் சொல்வதாக நினைத்து.

மறுநாள் அவனே ஸ்ரீபெரும்புதூருக்குக் கண் டாக்டரிடம் அழைத்துக்கொண்டு வந்தான்.

டாக்டர் சசிரேகா கண்ணில் எதையோ ஒற்றிப் பார்த்தார். ஒரு பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். இடது பக்கத்துப் புள்ளிகள் பலவற்றுக்கு வேல்விழி அழுத்தவே இல்லை. அங்கே புள்ளி வந்ததே அவளுக்குத் தெரியாது.

"கண்ணுக்குள்ள ஒரு நீர் ஊறிட்டே இருக்கும்மா. ஊறின அளவு வடியணும். உங்களுக்குச் சரியா வடியல. அழுத்தம் ஏறிப் பின்னாடி இருக்கற நரம்பை நசுக்குது. ஓரத்துலேர்ந்து பார்வை போகும். போனது திரும்பாது. மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தலாம்."

"திரும்பாதா?"

"திரும்பாது. அதனாலதான் சொட்டு மருந்தை ஒருநாள் கூட விடக் கூடாது. அதுதான் முக்கியம். கூடவே தினமும் கொஞ்சம் வேகமா நடங்க. அதுவும் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும். மூச்சை அடக்கி முக்கி எதையும் தூக்காதீங்க. தலையைக் கீழ போடற ஆசனம், தலைகீழா நிக்கறது, இதெல்லாம் கூடவே கூடாது. அழுத்தம் விர்ருனு ஏறிடும்."

கண் கலங்கியிருந்த வேல்விழிக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. "நான் இன்னாத்துக்கு டாக்டர் தலைகீழா நிக்கப் போறேன்? மெஷின்ல குந்திகினு தைக்கிறவ."

டாக்டரும் சிரித்தார். நவதாரகையின் நிர்வாகத்தைப் பற்றி அப்போது இருவருக்குமே முழுதாகத் தெரியாது.

எங்கே நடப்பது என்பதுதான் முதல் சிக்கல். காலையில் கம்பெனி பஸ் வருவதற்குள் சமையலே முடியாது. சாயங்காலம் வந்தால் தண்ணீர் பிடிக்க வேண்டும். மெயின் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போகின்றன. இடப்பக்கம் சரியாகத் தெரியாதவள் நடக்கிற இடமா அது? ஆகவே மதியச் சாப்பாட்டு இடைவேளையில் மளமளவென்று சாப்பிட்டுவிட்டு, கம்பெனி மதில் ஓரமாகப் புங்கமர நிழலில் நடக்க ஆரம்பித்தாள். காவல்காரர்கள் முதலில் அவள் எதையோ தொலைத்துவிட்டாள் என்று நினைத்துத் தாங்களும் தேடினார்கள்.

இரண்டாவது வாரம் திருமலை அவளைப் பிடித்தார்.

திருமலை உற்பத்தித் திறன் பிரிவின் தலைவர். கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப் வாட்ச் தொங்கும். தொழிலாளி நடப்பதைக் குறைப்பது அவருடைய வாழ்நாள் லட்சியம். தண்ணீர் குடிக்க எழுந்து போகிறார்கள் என்று தண்ணீரை மெஷினுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தவர் அவர். அதனால் கழிவறைக்குப் போவது கூடிவிட்டது என்று தண்ணீரைத் திரும்பவும் தூரத்தில் கொண்டுபோய் வைத்தவரும் அவர்தான். இரண்டுக்கும் அவருக்கு விருது கிடைத்தது. 'நடப்பது நஷ்டம்' என்று அவர் எழுதி மாட்டிய பலகை ஒவ்வொரு தூணிலும் இருந்தது.

"எங்கம்மா போறீங்க?" என்றார்.

"எங்கியும் போல சார். சும்மா நடக்கறேன்."

திருமலை நெஞ்சில் அடி வாங்கியவர் போலானார். "சும்மாவா? ஒரு பொருள் எடுத்துட்டுப் போனாலே நடையைப் பாதியாக் குறைக்கணும்னு நான் தூக்கமில்லாம யோசிக்கறேன். நீங்க கையில ஒண்ணுமில்லாம, போற இடமும் இல்லாம, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர்றீங்க!"

"சாப்பாட்டு நேரத்துலதானே சார்?"

"வீண் வீண்தாம்மா. அது நேரம் பார்த்து வராது. நாளைக்கு எல்லாரும் நடக்க ஆரம்பிச்சா? மனுஷன் நடக்க ஆரம்பிச்சுட்டான்னா எங்க போவான்னு சொல்ல முடியாது."

"கண்ணுல அழுத்தம் சார். டாக்டரம்மா நடக்கச் சொன்னாங்க."

திருமலைக்கு அழுத்தம் என்றால் காற்றழுத்தம்; அது கம்ப்ரசர் ரூமைச் சேர்ந்தது. ஆள் சம்பந்தப்பட்ட அழுத்தம் தன் பிரிவில் வராது, அனுமதி இல்லாமல் இனி நடக்கவும் கூடாது என்று சொல்லி அவளை அறிவுமதியிடம் அனுப்பினார்.

அறிவுமதியின் அறை வாசலில் முன்பு 'மனிதவளத் துறை' என்று எழுதியிருந்தது. இப்போது 'மக்கள் மகிழ்ச்சித் துறை' என்று மாற்றியிருந்தார்கள். உள்ளே அதே நாற்காலி, அதே ஆள். அவர் கெட்டவர் அல்ல. எதைக் கேட்டாலும் பாதியிலேயே புரிந்துகொண்டுவிடுவார், அவ்வளவுதான்.

"சார், எனக்கு அழுத்தம்..." என்று வேல்விழி ஆரம்பித்தாள்.

"சொல்லவே வேணாம்மா" என்று கையை உயர்த்தினார் அறிவுமதி. அவர் முகம் உருகியது. "மன அழுத்தம். நான் எதிர்பார்த்துட்டே இருந்தேன். தைரியமா வந்து சொன்ன முதல் ஆளு நீங்கதான்."

"மனசுல இல்ல சார், கண்ணுல."

"முதல்ல கண்ணுலதான் தெரியும்" என்றார் அறிவுமதி.

அவளை ரஞ்சனி என்ற ஆலோசகப் பெண்ணிடம் அனுப்பினார்கள். ரஞ்சனிக்கு வேல்விழியின் மகள் வயதுதான் இருக்கும். ஒரு பலூனை நீட்டி, "உங்க கவலை எல்லாத்தையும் இதுக்குள்ள ஊதுங்க ஆன்ட்டி. தம் கட்டி, பலமா" என்றாள்.

மூச்சை அடக்கி முக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. "பலூன் வேணாம்மா. ஊதக் கூடாது" என்றாள் வேல்விழி.

ரஞ்சனி பரிவோடு தலையசைத்து, 'அனைத்தையும் உள்ளேயே அடக்கி வைத்துக்கொள்கிறார்' என்று கம்ப்யூட்டரில் அடித்தாள்.

இப்படியே போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த மாதம் மறைமலை நகரில் வேறொரு கம்பெனி தன் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திச் சூரிய நமஸ்காரம் செய்யவைத்து, அந்தப் படம் தலைமை அலுவலகத்தின் கண்ணில் பட்டுவிட்டது. நாம் என்ன செய்கிறோம் என்று மேலிருந்து கேள்வி வந்தது. அறிவுமதி ஒரு வாரம் யோசித்தார். பிறகு கேன்டீனில் எல்லோரையும் கூட்டி நலவாழ்வு மாதத்தை அறிவித்தார்.

"தோழர்களே! சூரிய நமஸ்காரம் யார் வேணும்னாலும் செய்வாங்க. நம்ம ஃபேக்டரியில அத்தனை பேரும் ஒரே நேரத்துல சிரசாசனம் செய்யப் போறோம். சாதனை! நம்ம துணைத் தலைவரே நேர்ல வந்து பார்க்கப் போறார். ஏன் சிரசாசனம்னு கேட்பீங்க. ஒரு உண்மையைச் சொல்றேன். மூணு வருஷமா நம்ம லாப கிராஃப் கீழ்நோக்கிப் போகுது. நான் அதை எவ்வளவோ நேரம் உட்கார்ந்து பார்த்தேன். பிரச்சினை கிராஃப்ல இல்ல. பார்க்கிற கோணத்துலதான் இருக்கு."

பலமாகக் கை தட்டினார்கள். தட்டாதவர்களுக்கு எதிரே சூப்பர்வைசர் நின்றிருந்தார்.

வேல்விழி டாக்டர் சசிரேகாவிடம் ஓடினாள். அவர் முதலில் நம்பவில்லை. கம்பெனியில் சர்க்கஸ் எதுவும் நடத்துகிறார்களா என்று கேட்டார். பிறகு, 'தையல் வேலை செய்யலாம். தலைகீழாக நிற்கக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அறிவுமதி அதை வாங்கிப் பார்த்துவிட்டு வருத்தப்பட்டார். "சிஸ்டத்துல ரெண்டே கட்டம்தாம்மா. 'தகுதி', 'தகுதியில்லை'. நேரா இருந்தா தகுதி, தலைகீழா இருந்தா தகுதியில்லைன்னு போட இடமில்ல. தகுதியில்லைன்னு போட்டா சிரசாசனத்துலேர்ந்து விலக்கு உண்டு. ஆனா அப்புறம் மெஷின்ல உட்கார முடியாது. வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"மெஷின்ல குந்துறதுக்கும் தலைகீழா நிக்கறதுக்கும் இன்னா சார் சம்பந்தம்?"

"அதை நான் கேட்டா நல்லாயிருக்காதும்மா. சாஃப்ட்வேர் வெளியிலேர்ந்து வாங்கினது."

அன்று வீட்டில் கோதண்டத்திடம் சொன்னாள். அவன் வேன் ஓட்டுகிறவன். ஓட்டமில்லாத நாட்களில் அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரியும். பெண் காஞ்சிபுரத்தில் நர்சிங் படிக்கிறாள். "கண்ணு போச்சுன்னா இன்னா பண்ணுவ? வேலை போனா நான் ரெண்டு டிரிப்பு கூட ஓட்டிக்கிறேன்" என்றான்.

"வேலையும் போவக் கூடாது, கண்ணும் போவக் கூடாது" என்றாள் வேல்விழி. "எதுக்கு நான் ரெண்டுல ஒண்ணை விட்டுத் தரணும்? நான் இன்னா தப்பு பண்ணேன்?"

ஒத்திகை தொடங்கியது. இருவர் இருவராகப் பிரித்தார்கள். ஒருவர் தலைகீழாக நிற்க, மற்றவர் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு மாறிக்கொள்ள வேண்டும். வேல்விழிக்கு ஜோடி கவியா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஸ்ரீபெரும்புதூரில் அறையெடுத்துத் தங்கியிருப்பவள், அடுத்த மெஷின்.

"எக்கா, நீங்க என் காலைப் பிடிங்க. உங்க முறைக்கும் நானே நிக்கேன். தலைகீழா நிக்கவ மூஞ்சிய எவன் வந்து பாக்கப் போறான்?" என்றாள் கவியா. அந்த ஏற்பாட்டில் ஒத்திகை நாட்கள் தப்பின.

இதற்கிடையில் பாதுகாப்பு அதிகாரி தாண்டவராயன் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். சிரசாசனத்தில் கால்கள் தரையைவிட்டு மேலே போகின்றன. விதிப்படி அது 'உயரத்தில் வேலை'. உயரத்தில் வேலை செய்பவர் இடுப்பில் பெல்ட் கட்டிக் கயிற்றை மேலே மாட்ட வேண்டும். ஆனால் தலை தரையில்தான் இருக்கிறது. ஆகவே ஆள் உயரத்தில் இல்லை. பாதி ஆளுக்கு அனுமதி எப்படிக் கொடுப்பது? இரண்டு கூட்டம் போட்டுக் கடைசியில் இப்படி முடிவானது: கால்களுக்கு மட்டும் அனுமதிச் சீட்டு. தலைக்கு ஹெல்மெட். ஹெல்மெட்டோடு தலைகீழாக நின்றவர்கள் எல்லாம் பம்பரம் போலச் சாய்ந்து விழுந்ததும், ஹெல்மெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும் என்று திருத்தம் வந்தது.

நிகழ்ச்சி நாளும் வந்தது. லாரி நிறுத்தும் மைதானத்தில் பச்சை விரிப்பு போட்டு, வரிசை வரிசையாக ஆட்களை நிறுத்தியிருந்தார்கள். மேடையில் துணைத் தலைவர். கோட்டும், கழுத்தை நெரிக்கிற மாதிரி ஒரு டையும். ஒரகடத்து வெயிலில் அவர் முகம் பழுத்த தக்காளியாக இருந்தது.

அறிவுமதி மைக்கைப் பிடித்தார். "நம்ம மகிழ்ச்சித் துறையின் வெற்றிக்கு உயிருள்ள சாட்சி ஒருத்தர் இருக்காங்க. கடுமையான மன அழுத்தத்துல இருந்தவங்க. குறிக்கோளே இல்லாம மதிலைச் சுத்திச் சுத்தி வந்தவங்க. நம்ம ஆலோசனையால இன்னைக்கு மீண்டு வந்து, இந்தச் சாதனையை மேடையில் முதல் ஆளா நின்னு தொடங்கி வைக்கப் போறாங்க. வேல்விழி!"

வேல்விழி கவியாவைப் பார்த்தாள். வரிசையில் என்றால் கவியா இருக்கிறாள். மேடையில் யார் இருக்கிறார்கள்? யாரோ முதுகில் கைவைத்து நகர்த்தினார்கள். படியேறும்போது இடப்பக்கத்துப் பூந்தொட்டி தெரியாமல் காலில் இடித்தது. மேடை நடுவில் அவளுக்காக ஒரு சிவப்பு மெத்தை போட்டிருந்தது. மைக்கை அவள் வாய்க்கு நேரே நீட்டினார்கள்.

எதிரே பார்த்தாள். நடுவில் இருந்த முகங்கள் பளிச்சென்று தெரிந்தன. இடது ஓரத்தில் நின்றவர்கள் புகைக்குள் இருந்தார்கள். 'போனது திரும்பாது' என்ற டாக்டரின் குரல் கேட்டது. அந்தப் புகை இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்தால் கவியாவும் தெரிய மாட்டாள்.

"எனக்கு மனசுல அழுத்தம் இல்லிங்க" என்றாள். அவள் குரலே ஸ்பீக்கரில் வந்து அவளைத் திடுக்கிட வைத்தது. "கண்ணுலதான் கீது. தலைகீழா நின்னா அது ஏறும். ஏறினா பார்வை போவும். போனா அப்புறம் வராதாம். டாக்டரம்மா மருந்து போடச் சொன்னாங்க, நடக்கச் சொன்னாங்க. மருந்து போட்டுக்கிறேன். நடக்கத்தான் இங்க வுட மாட்டேன்றாங்க. நான் நிக்கலிங்க. நடக்கறேன்."

மைக்கை அறிவுமதியின் கையிலேயே கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள். மைதானத்தின் ஓரமாக நடக்க ஆரம்பித்தாள்.

விசில் ஊதவேண்டியவர் விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பாதி வட்டம் போனபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கவியா.

"இடப்பக்கம் நான் வாரேன்க்கா. நீங்க நேரா பாத்து நடங்க."

பிறகு வெல்டிங் பிரிவு மோகன் வரிசையைவிட்டு வந்தான். அவனுக்கு முதுகெலும்பில் தட்டு விலகியிருந்தது. இத்தனை நாளும் வெளியில் சொல்லவில்லை. ரத்த அழுத்தக்காரர்கள் வந்தார்கள். கழுத்து வலிக்காரர்கள் வந்தார்கள். நான்கு மாதம் முழுகாமல் இருப்பதை மாமியாரிடம்கூட இன்னும் சொல்லாத ஒரு பெண் வந்தாள். கடைசியில், எந்த நோயும் இல்லாமல் தலைகீழாக நிற்கப் பிடிக்காதவர்கள் மொத்தமாக வந்தார்கள். பச்சை விரிப்பில் ஹெல்மெட்டுகள் மட்டும் வரிசை தப்பாமல் இருந்தன.

துணைத் தலைவர் அறிவுமதியின் பக்கம் குனிந்தார். "இது என்ன, வாக்கத்தானா?"

ஒரு மூச்சு நேரம்தான். "ஆமாம் சார்" என்றார் அறிவுமதி. "உங்களுக்குச் சர்ப்ரைஸ்."

"பிரமாதம்! நல்லவேளை. என்னையும் நிற்கச் சொல்வீர்களோ என்று பயந்துகொண்டிருந்தேன்" என்று துணைத் தலைவர் டையைத் தளர்த்திவிட்டுக் கீழே இறங்கி நடந்தார். அவர் நடந்ததால் திருமலையும் நடந்தார். நடந்துகொண்டே, "நடையில ரெண்டு வகை உண்டு சார். இது மதிப்புக் கூட்டற நடை" என்று விளக்கினார். தூண்களில் இருந்த 'நடப்பது நஷ்டம்' பலகைகள் அன்று மாலைக்குள் கழற்றப்பட்டன.

நடைத் திட்டத்துக்காக அறிவுமதிக்குத் தலைமை அலுவலகம் கேடயம் கொடுத்தது. கூட்டத்தில் வேல்விழியை எழுந்து நின்று கை தட்டச் சொன்னார்கள், தட்டினாள். 'தகுதியில்லை' பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. சாதனையைத் தொடங்கிவைத்தவரைத் தகுதியில்லாதவர் என்று எப்படிப் போடுவது? அதற்கும் கட்டம் இல்லை.

அடுத்த மாதம் நடை கட்டாயமாக்கப்பட்டது. கட்டாயம் என்பதால் பயிற்சி வேண்டும். பயிற்சி என்பதால் வகுப்பு வேண்டும். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரும் ஏ.சி. ஹாலுக்கு வந்து உட்கார வேண்டும் என்று உத்தரவு வந்தது. 'நடத்தல்: ஓர் அறிமுகம்' என்று திரையில் படம் போட்டார்கள். முதல் வாரம் இடது கால். இரண்டாம் வாரம் வலது கால். யாரும் வெளியே போய் நடந்துவிடாமல் இருக்க வாசலில் ஆள் நிறுத்தியிருந்தார்கள்.

வேல்விழி எழுந்தாள். "சார், எப்ப சார் நடக்கறது?"

"அவசரப்படாதீங்கம்மா" என்றார் அறிவுமதி, அன்பாக. "இந்த வருஷம் தியரி. பிராக்டிகல் அடுத்த நிதியாண்டு."

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வேல்விழி தன் ஊருக்கு முந்தின நிறுத்தத்திலேயே எழுந்து நின்றாள்.

டிரைவர் மகாராஜா கண்ணாடியில் பார்த்தார். "இன்னாக்கா, உங்க ஸ்டாப்பிங் இன்னும் வர்லியே?"

"தெரியும். நிறுத்துங்க."

அங்கிருந்து லாரி வராத ஏரிக்கரைப் பாதை ஒன்று பிள்ளைப்பாக்கத்துக்குப் போகிறது. தண்ணீர் பிடிக்கும் வேலையைக் கோதண்டம் எடுத்துக்கொண்டான்; முதல் நாள் பாதிக் குடத்தைத் தரையில் பிடித்தான். கவியாவும் சில நாள் அவளோடு இறங்கி இடப்பக்கமாக வந்தாள். ஊருக்குள் பஸ் பிடித்துத் திரும்பிவிடுவாள். பிறகு மோகன். பிறகு யார் யாரோ. அந்த நிறுத்தத்தில் பஸ் பாதி காலியாகிவிடும்.

மூன்று மாதம் கழித்து டாக்டர் சசிரேகா அழுத்தம் பார்த்தார். இறங்கியிருந்தது. பார்வை மேற்கொண்டு போகவில்லை. "பெரும்பாலும் மருந்தோட வேலை. நடையும் கொஞ்சம் கை கொடுத்திருக்கு. ரெண்டையும் விடாதீங்க" என்றார். கம்பெனியின் மாத இதழில், ஏ.சி. ஹால் வகுப்புகளால் தொழிலாளர்களின் அழுத்தம் குறைந்துவருவதாக எழுதியிருந்தார்கள்.

ஒருநாள் அறிவுமதியின் கார் சர்வீசுக்குப் போயிருந்தது. அவர் தொழிலாளர் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார். முந்தின நிறுத்தத்தில் பஸ் நின்றதும் தடதடவென்று ஆட்கள் இறங்கினார்கள். பஸ் கெட்டுவிட்டது என்று நினைத்து அவரும் இறங்கினார். பஸ் போய்விட்டது.

ஏரிக்கரையில் எல்லோரும் போய்க்கொண்டிருந்தார்கள். முன்னால் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. அறிவுமதி பளபளக்கும் ஷூவோடு ஓடிவந்து வேல்விழியின் இடப்பக்கம் சேர்ந்துகொண்டார். அவள் தலையைத் திருப்பித்தான் அவர் என்று தெரிந்துகொண்டாள்.

கொஞ்ச தூரம் கூடவே வந்தார். மூச்சு வாங்கியது. முகத்தில் ஒரு பரவசம் படர்ந்தது.

"ரொம்ப நல்லாருக்கேம்மா! எல்லாரும் தானா வர்றாங்களே! நான் சொல்லாமலே! இதுக்கு என்ன பேரு வெச்சிருக்கீங்க?"

"எதுக்கு சார்?"

"இதுக்குத்தாம்மா. இந்தப் புரோகிராமுக்கு."

வேல்விழி அவரை ஒருமுறை பார்த்தாள்.

"பேரெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்றாள். "வூட்டுக்குப் போறோம்."